ஏற்காடு எஸ்டேட் ஆபீஸில் ஒரு பழைய 386 கம்ப்யூட்டர்: உள்ளே செக்ரோல் இருக்கு, எப்படி எழுப்பறது?

ஏற்காடு_மிளகு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க எஸ்டேட் ஆபீஸ்ல ஸ்டோர் ரூமை ஒழிச்சப்ப ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைச்சது. படுத்த வாக்குல இருக்கிற இரும்புப் பெட்டி. முன்னாடி சாவி போடற ஓட்டை, டர்போன்னு ஒரு பட்டன், பெரிய ஃப்ளாப்பிக்கு ஒரு வாய், சின்ன ஃப்ளாப்பிக்கு ஒரு வாய். மூடியைக் கழட்டிப் பார்த்தேன். சிப் மேல ஏஎம்டி 386 டிஎக்ஸ், 40ன்னு போட்டிருக்கு. மதர்போர்டு மூலையில நீலக் கலர்ல உருளையா ஒரு பேட்டரி. அதைச் சுத்திப் பச்சையா பூத்துக் கிடக்கு. போட்டோ போட்டிருக்கேன்.

ஷோகேஸ்ல வைக்கறதுக்காகக் கேக்கலைங்க. 90கள்ல இங்க வேலை பார்த்தவங்க செக்ரோல் (தொழிலாளிங்க பேரு, வேலை நாள், கூலி எழுதற பதிவு) முழுக்க இதுலதான் ஏத்தியிருக்காங்க. பேப்பர் ரெஜிஸ்டர் பாதியைக் கரையான் தின்னுடுச்சு. வயசான காலத்துல கிராஜுவிட்டி, பென்ஷன்னு அலையறவங்க வந்து, "எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும் என் பேர் இருந்துச்சுன்னு ஒரு எழுத்து குடுங்க"ன்னு நிக்கிறாங்க. காட்ட எங்ககிட்ட எதுவும் இல்லை. கீழ சேலத்துல ஒரு கடையில கேட்டேன், எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க.

கரண்ட் குடுத்துப் பார்க்கலாமா?

பழைய_மதர்போர்டு:

குடுக்காதீங்க. இதை முதல்ல மனசுல வாங்கிட்டு மீதியை நிதானமா படிங்க.

நீங்க போட்டோவுல காட்டியிருக்கற உருளை, 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. 1984ல ஐபிஎம் ஏடி வந்ததுல இருந்து, தேதியையும் செட்டிங்கையும் நினைவுல வச்சுக்க ஒரு சின்ன சிப்பும் அதுக்கு ஒரு பேட்டரியும் உண்டு. பிற்பாடு 386, 486 போர்டு செஞ்சவங்க சார்ஜ் ஏறுற பேட்டரியை போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்க. வருசக்கணக்கா சும்மா கிடந்தா அது ஒழுகும். ஒழுகுறது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது பச்சை வார்னிஷுக்கு அடியில புகுந்து செம்புக் கோடுகளை அரிக்கும். ஏற்காட்டுப் பனி ஈரம் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: பேட்டரியோட இரண்டு காலையும் கட்டர் வச்சு வெட்டி எடுங்க. கையுறை போடுங்க. பஞ்சுக் குச்சியில வெள்ளை வினிகரைத் தொட்டுப் பூத்த இடத்துல தடவுங்க. லேசா நுரைச்சு அடங்கும். காரத்தை அமிலம் முறிச்சிடும். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நல்லா கழுவி, நாள் முழுக்கக் காய விடுங்க. மேல வெயில் சரியா வராதுன்னா கீழ கொண்டு வந்து காய வைங்க. அந்த மூலையில கீபோர்டு சொருகுற வட்ட சாக்கெட்டும் பக்கத்துல 40 கால் உள்ள ஒரு நீள சிப்பும் இருக்கும். அங்கதான் அரிப்பு முதல்ல ஏறும். காய்ஞ்ச பிறகு அந்த இடத்தைக் கிட்டக்க ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

ஹார்ட் டிஸ்க்கைத் தனியா கழட்டித் துணியில சுத்தி வச்சிடுங்க. அதுதான் உங்க சொத்து. மத்ததெல்லாம் மாத்திக்கலாம்.

மேட்டூர்_சர்க்யூட்:

எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள்ள கரண்ட் பிரிச்சுக் குடுக்கற பவர் சப்ளை) பத்தி நான் சொல்றேன், உசிர் விஷயம்.

இந்தக் காலத்துப் பெட்டியில முன்பக்க ஸ்விட்ச் வெறும் சிக்னல்தான். ஏடி காலத்துப் பெட்டியில அப்படி இல்லை. பின்னாடி இருந்து 230 வோல்ட் கறுப்புக் கேபிள்ல முன்பக்க ஸ்விட்ச் வரைக்கும் நேரா வரும், நாலு வயர். மூடி இல்லாம வேலை செய்யறப்ப கை பட்டா அவ்வளவுதான். ஸ்விட்ச் முனைகளுக்கு இன்சுலேஷன் ஸ்லீவ் இருக்கான்னு பாருங்க.

மதர்போர்டுக்குப் போற பவர் பிளக் ரெண்டா இருக்கும், பி8, பி9ன்னு எழுதியிருக்கும். அளவுல ரெண்டும் ஒண்ணுதான், மாத்திச் சொருகினாலும் உள்ள நுழைஞ்சிடும், ஆனா போர்டு செத்துடும். கறுப்பு வயர் கறுப்பு வயரோட நடுவுல சேர்ந்து நிக்கணும். கழட்டறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துக்கங்க.

பின்னாடி சிவப்பு செலக்டர் 230ல இருக்கான்னு பாருங்க. முதல் தடவை கரண்ட் குடுக்கறப்ப சீரிஸ் போர்டு (கரண்ட் ஒரு பல்பு வழியா போய்ச் சேர்ற மாதிரி கட்டின போர்டு) வழியா குடுங்க, 100 வாட்ஸ் குண்டு பல்பு போதும். எஸ்எம்பிஎஸ் உள்ள ரெண்டு பெரிய கெப்பாசிட்டர் இருக்கு, ரெண்டும் சேர்ந்து 320 வோல்ட்டுக்கு ஏறும். ஏறுற நேரம் பல்பு ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு உடனே மங்கணும். மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட், அதோட நிறுத்திடுங்க. வெறும் எஸ்எம்பிஎஸ்ஸை லோடு இல்லாம ஓட்டாதீங்க, பழசு பலது லோடு இல்லாம ஓடாது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோ 12 வோல்ட் பல்போ மாட்டிக்கங்க. உங்க செக்ரோல் டிஸ்க்கை மாட்டிடாதீங்க.

பழைய_மதர்போர்டு:

மேட்டூர்க்காரர் சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு சேர்த்துக்கறேன். ஜவ்வரிசி மில் ஆபீஸ்ல இருந்து வர்ற பெட்டிகளை நான் நிறைய திறந்திருக்கேன். ஃபேன் இழுக்கற காத்தோட மாவு உள்ள போய் கெப்பாசிட்டர் இடுக்குல கெட்டியா படிஞ்சிருக்கும். மழைக்காலத்துல அது ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எஸ்டேட் பெட்டியில காப்பித் தூசியோ பூச்சிக் கூடோ இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுட்டு, பெயின்ட் பிரஷ் வச்சு எஸ்எம்பிஎஸ்ஸையும் தட்டி எடுத்திடுங்க.

குகை_மாணவன்:

அண்ணா, நான் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஒரு பேட்டரி ஒழுகினா தேதிதானே மறந்து போகும், அதுக்காக மெஷினே எழாம போகுமா?

பழைய_மதர்போர்டு:

தேதி போனா பரவாயில்லை தம்பி. பேட்டரி எங்க உக்காந்திருக்குங்கறதுதான் வில்லங்கம். ஏற்காட்டுக்காரர் ஆன் பண்ணிப் பார்க்கட்டும், சத்தத்தை வச்சு சொல்றேன்.

ஏற்காடு_மிளகு:

அண்ணா, சொன்னபடியே செஞ்சேன். வினிகர், ஆல்கஹால் எல்லாம் ஆச்சு. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிடுச்சு. ஃபேன் ஓடுது. மானிட்டர்ல ஒண்ணும் வரலை. ஸ்பீக்கர்ல பீப் பீப்னு ஆறு தடவை அடிச்சிட்டு நின்னுடுது. எத்தனை தடவை போட்டாலும் அதே ஆறு. பயாஸ் (மெஷினை எழுப்பற முதல் புரோகிராம்) சிப் மேல ஏஎம்ஐன்னு ஸ்டிக்கர் இருக்கு. ராம் தட்டிப் பார்க்கட்டுமா?

பழைய_மதர்போர்டு:

ராமைத் தொடாதீங்க. ஏஎம்ஐ பயாஸ்ல ஆறு பீப்புக்கு அர்த்தம் ஏ20 கேட். கீபோர்டு கன்ட்ரோலர் பதில் சொல்லலை. நான் சந்தேகப்பட்ட அதே 40 கால் சிப்தான், அதோட நம்பர் 8042.

தம்பி கேட்டதுக்கு பதில் இதுலதான் இருக்கு, கொஞ்சம் விரிவா சொல்றேன். பிசிங்கற சாமான் எப்படி வளர்ந்துச்சுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

1981 ஆகஸ்ட் 12ல ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில இன்டெல் 8088 இருந்துச்சு. அதுக்கு அட்ரஸ் கம்பி, அதாவது மெமரியில எந்த இடம்னு சொல்ற கம்பி, 20. இரண்டின் அடுக்கு 20, அதாவது 10,48,576 பைட், 1 எம்பி. அதுல கீழ் 640 கேபி புரோகிராமுக்கு. மேல் 384 கேபி திரை மெமரிக்கும், கார்டுகளுக்கும், பயாஸுக்கும் ஒதுக்கினது. ஆனா அந்த சிப் அட்ரஸைக் கணக்குப் போடற விதம் விசித்திரமானது. ரெண்டு 16 பிட் எண்ணை எடுத்து, முதலாவதை 16ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டும். ரெண்டுலயும் உச்ச எண்ணைப் போட்டா விடை 1 எம்பியைத் தாண்டி 65,520 பைட் வெளிய போகும். 21ஆவது கம்பி இல்லாததால அந்த மிச்சம் சுத்திக்கிட்டு மறுபடி மெமரியோட அடிப்பக்கத்துக்கே வந்து விழும். சில புரோகிராம் எழுதினவங்க இதையே நம்பி எழுதி வச்சிருந்தாங்க.

1984ல ஏடி வந்தது. அதுல 286 பிராசசர், அட்ரஸ் கம்பி 24, 16 எம்பி வரைக்கும் போகும். இப்ப 21ஆவது கம்பி இருக்கு. பூஜ்யத்துல இருந்து எண்ணுறதால அதுக்குப் பேரு ஏ20. பழைய புரோகிராம் 1 எம்பியைத் தாண்டினா சுத்தி வராம நிஜமாவே தாண்டிப் போயிடும், தப்பான இடத்துல போய் விழும். பழைய புரோகிராமைக் கைவிட ஐபிஎம்முக்கு இஷ்டம் இல்லை. அதனால அந்த ஒரு கம்பிக்குக் குறுக்க ஒரு கதவு வச்சாங்க. கதவைத் திறந்து மூட ஒரு சிக்னல் வேணும். போர்டுல கீபோர்டு கன்ட்ரோலர் சிப்ல ஒரு கால் சும்மா இருந்துச்சு. அதுல கட்டி விட்டுட்டாங்க.

அதனாலதான் கீபோர்டு சிப்புக்குப் போற ஒரு செம்புக் கோடு அரிச்சுப் போனா, உங்க 386 மெமரியையே சரியா பார்க்க முடியாம நின்னுடுது. கீபோர்டுக்கும் மெமரிக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சா ஒண்ணும் இல்லை, 1984ல ஒரு கால் மிச்சம் இருந்துச்சுங்கறதுதான் சம்பந்தம். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கம்பெனியும் அந்தக் கதவைச் சுமந்துச்சு. 486 வந்தப்ப இன்டெல் அதுக்குன்னு சிப்லயே ஒரு கால் ஒதுக்குச்சு. இன்னைக்கு நீங்க வாங்கற லேப்டாப் பிராசசரும் கரண்ட் வந்ததும் 16 பிட் முறையிலதான் கண் முழிக்குது. இதையெல்லாம் கழிச்சுக் கட்டலாம்னு 2023ல இன்டெல் ஒரு திட்டம் முன்வச்சு, 2024 கடைசியில கைவிட்டுடுச்சு.

ஏற்காட்டுத் தம்பி, போர்டைக் கீழ கொண்டு வாங்க. நான் அஞ்சு ரோடு பக்கம்தான் இருக்கேன், தனிச் செய்தியில முகவரி தர்றேன். மல்டிமீட்டர்ல ஒவ்வொரு கோடா தட்டிப் பார்த்து, அறுந்த இடத்துல மெல்லிசா ஜம்பர் வயர் போட்டுடலாம். 8042 உக்காந்திருக்கிற சாக்கெட்டையும் மாத்திடலாம். கொண்டை ஊசி வளைவு 20ம் இறங்கணும்; ஹார்ட் டிஸ்க்கை மடியில வச்சுக்கிட்டு வாங்க, டிக்கியில போடாதீங்க.

சூரமங்கலம்_ஜங்ஷன்:

நல்லா எழுதியிருக்கீங்க. நான் ஒரு விஷயம் சேர்த்தே ஆகணும். சேலத்துல ஒரு ரிப்பேர்க்காரர் உக்காந்து ஒரு கம்ப்யூட்டரோட வயித்தை அறுத்து வைத்தியம் பார்க்க முடியுதுன்னா, அது ஐபிஎம் கொடுத்த வரம். சர்க்யூட் படத்தையும் பயாஸ் புரோகிராமையும் புத்தகமாவே அச்சடிச்சு வித்தாங்க. ஸ்லாட்ல யார் வேணும்னாலும் கார்டு செஞ்சு சொருகலாம்னு விட்டாங்க. வேற எந்தக் கம்பெனி அப்படிச் செஞ்சது? அந்தத் தாராளத்தை நாம மறக்கக் கூடாது.

பழைய_மதர்போர்டு:

மன்னிக்கணும், இதை நான் ஒத்துக்க மாட்டேன். தாராளம்னு சொன்னா நடந்தது மறைஞ்சு போகுது.

ஃப்ளோரிடாவுல போகா ரேட்டன்ங்கற ஊர்ல ஒரு சின்ன குழு, தலைமை டான் எஸ்ட்ரிட்ஜ். ஒரு வருசத்துல பெட்டி கடைக்கு வரணும்னு கெடு. சொந்தமா சிப் செய்ய நேரம் இல்லை, அதனால பிராசசர் இன்டெல்கிட்ட, மெஷினை ஓட்டற அடிப்படை புரோகிராமான டாஸ் மைக்ரோசாஃப்ட்கிட்ட வாங்கினாங்க. ஸ்லாட் வச்சு திறந்து விட்டது, ஏற்கெனவே 1977ல இருந்தே ஆப்பிள் 2 அப்படித்தான் வித்துச்சு, மத்தவங்க கார்டு செஞ்சாத்தான் பெட்டி விலை போகும்னு எல்லாரும் பார்த்திருந்தாங்க. பயாஸை அச்சடிச்சாங்க, ஆமா. ஆனா காப்பிரைட்டோட அச்சடிச்சாங்க. அதைப் பார்த்து எவனாவது காப்பி அடிச்சா கோர்ட்ல பிடிக்கலாம். அது பூட்டு.

அந்தப் பூட்டை ஐபிஎம் திறக்கலை. காம்பேக்ங்கற கம்பெனி திறந்துச்சு. ஒரு குழு பயாஸ் என்னென்ன வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதிக் குடுத்துச்சு. அந்த பயாஸ் புரோகிராமை ஜென்மத்துல பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வச்சு முதல்ல இருந்து எழுதுச்சு. 1982 நவம்பர்ல அறிவிச்சு அடுத்த வருசம் வித்தாங்க. அதுக்குச் சில மாசம் முன்னாடியே கொலம்பியா டேட்டா புராடக்ட்ஸ் ஒரு நகல் பிசி கொண்டு வந்திருந்துச்சு. 1984ல ஃபீனிக்ஸ் அதே முறையில பயாஸ் எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் விக்க ஆரம்பிச்சப்பதான் வாசல் முழுசா திறந்துச்சு. டாஸை மத்தவங்களுக்கும் விக்கற உரிமையை மைக்ரோசாஃப்ட் தன் கையிலயே வச்சிருந்துச்சுங்கறதையும் சேர்த்துக்கங்க.

ஐபிஎம்முக்கு மனசு இருந்திருந்தா 1987ல பிஎஸ்/2 வரிசையைக் கொண்டு வந்து, மைக்ரோ சேனல்னு புது ஸ்லாட் போட்டு, லைசென்ஸ் வாங்கிட்டுத்தான் செய்யணும்னு சொல்லியிருக்குமா? மத்த கம்பெனிகள் ஒண்ணா சேர்ந்து அடுத்த வருசமே ஈஐஎஸ்ஏன்னு எதிர் ஸ்லாட் அறிவிச்சதால அது பலிக்கலை. விஜிஏங்கற திரை முறையும், சின்ன வட்ட கீபோர்டு பிளக்கும், 1.44 எம்பி ஃப்ளாப்பியும் அந்த வரிசையில இருந்து நமக்கு மிஞ்சினது.

சூரமங்கலம்_ஜங்ஷன்:

நோக்கம் என்னவா இருந்தாலும் பலன் திறந்த பெட்டிதானே? ஸ்லாட்டோட ஒவ்வொரு காலுக்கும் என்ன வேலைன்னு அச்சடிச்ச புத்தகம் இல்லேன்னா காம்பேக்கும் தவிச்சிருக்கும். அவசரத்துல செஞ்சதா இருந்தாலும் செஞ்சவங்களுக்கு அந்தப் பேரு உண்டு. என் கருத்தை நான் மாத்திக்கலை.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:

நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. வெள்ளிக் கொலுசு மண்டியில கணக்கு எழுத ஆரம்பிச்சப்ப நான் உக்காந்த மெஷின்ல "ஐபிஎம் கம்பாட்டிபிள்"னு ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துல ஐபிஎம் இந்தியாவுலயே இல்லை! அந்நியக் கம்பெனி பங்கைக் குறைக்கச் சொன்னதுல 1978ல கிளம்பிப் போனவங்க, 1992லதான் டாடாவோட கூட்டு வச்சுத் திரும்பி வந்தாங்க. பிசி பிறந்து வளர்ந்த காலம் முழுக்க இங்க அந்தக் கம்பெனி கிடையாது. எச்சிஎல், விப்ரோன்னு நம்ம கம்பெனிகள் செஞ்சது, 1984 நவம்பர்ல வந்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தின பிறகு தைவான் போர்டு வாங்கி அசெம்பிள் பண்ணது, இதுதான் நம்ம கைக்கு வந்துச்சு. வரம் குடுத்தவர் ஊர்லயே இல்லாதப்ப கோயில் கட்டினது நம்ம ஆளுங்க. அசெம்பிள் பண்ணவங்களுக்கும் ரிப்பேர் பண்ணவங்களுக்கும்தான் என் மரியாதை.

அம்மாப்பேட்டை_தறி:

எங்க தெருவுக்கும் ஐபிஎம்முக்கும் ஒரு உறவு உண்டு, சொல்லிட்டுப் போறேன். பட்டுத் தறி மேல உக்காந்திருக்கிற ஜக்கார்டு பெட்டியில அட்டை ஓடும். கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா பூ வரைஞ்சு, ஒரு வரிக்கு ஒரு அட்டைன்னு ஓட்டை குத்தி, வரிசையா கோத்து விடுவாங்க. ஓட்டை இருக்கிற இடத்துல கொக்கி ஏறும், இல்லாத இடத்துல ஏறாது. 1804ல ஃபிரான்ஸ்ல ஜக்கார்டு செஞ்சது. அட்டையில ஓட்டை குத்தி விவரம் வைக்கற அதே வழியில ஹாலரித் 1890ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணினார். அவர் கம்பெனி 1911ல மத்த கம்பெனிகளோட சேர்ந்து, 1924ல ஐபிஎம்னு பேர் வச்சுக்குச்சு.

குகை_மாணவன்:

அருமையான தகவல் அண்ணா. ஆனா தறியைக் கம்ப்யூட்டர்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். அட்டை வரிசையா வரும், திரும்ப வரும், அவ்வளவுதான். "நூல் அறுந்திருந்தா அந்த அட்டைக்குத் தாவு"ன்னு தறி தானா முடிவெடுக்காது. 1971ல வந்த இன்டெல் 4004ல 2,300 டிரான்சிஸ்டர்தான் இருந்துச்சு, கால்குலேட்டருக்காகச் செஞ்சது, அதுலயே நிபந்தனை பார்த்துத் தாவுற கட்டளை இருந்துச்சு. அங்கதான் கோடு போடணும்.

பழைய_மதர்போர்டு அண்ணாகிட்ட இன்னொரு கேள்வி. முதல் பிசி வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்னு படிச்சேன். 8088ஐ 5லயே ஓட்டலாமே, ஏன் அந்த மொட்டை எண்?

பழைய_மதர்போர்டு:

நல்ல கேள்வி, பதில் ஏற்காட்டுப் பெட்டியிலயே இருக்கு. போர்டு இப்ப என் மேஜை மேல, முன்னாடி மூணு கிரிஸ்டல் (சீரான துடிப்பு குடுக்கற சாமான்) தெரியுது.

ஒண்ணுல 14.318னு எழுதியிருக்கு. அமெரிக்கக் கலர் டிவிக்கு ஒரு நிற அதிர்வெண் உண்டு, 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதை நாலால பெருக்கினா 14.318. அந்தக் கிரிஸ்டலை டிவிக்காரங்க லட்சக்கணக்குல வாங்கினதால மலிவு. வீட்டு டிவியிலயே பிசியை மாட்டிப் பார்க்கணும்னு ஐபிஎம் நினைச்சதால அந்த எண் எப்படியும் தேவை. ஒரே கிரிஸ்டலை வச்சு எல்லாத்தையும் முடிச்சாங்க. நாலால வகுத்தா டிவி நிறம். மூணால வகுத்தா 4.77, பிராசசருக்கு. 12ஆல வகுத்தா 1.193, டைமர் சிப்புக்கு. டைமர் அதை மறுபடி 65,536ஆல வகுக்கும், நொடிக்கு 18.2 துடிப்பு வரும். டாஸ்ல கடிகாரம் ஓடினது அந்தத் துடிப்புல. நம்ம ஊர் டிவி பால் (PAL) முறை, அதுக்கு அதிர்வெண்ணே வேற. இருந்தும் அமெரிக்க டிவியோட எண் ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ்ல செக்ரோல் நேரத்தை எண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

ரெண்டாவது கிரிஸ்டல் சின்ன குழல் மாதிரி, 32,768 ஹெர்ட்ஸ். இரண்டின் அடுக்கு 15. பதினஞ்சு தடவை பாதியாக்கினா நொடிக்கு ஒண்ணு. கைக்கடிகாரத்துல இருக்கிற அதேதான், பேட்டரியில ஓடறது இது. மூணாவது 80 மெகாஹெர்ட்ஸ். 386க்கு ஓடற வேகத்தைப் போல ரெண்டு மடங்கு குடுக்கணும், அதனால 40க்கு 80.

வேலை நிலவரம்: 8042 பக்கத்துல கோடு அறுந்திருந்துச்சு. வார்னிஷைச் சுரண்டி, கோட்டோட ரெண்டு முனையிலயும் ஈயம் பூசி, ஜம்பர் போட்டாச்சு. பழைய சாக்கெட்டைப் பிடுங்கினப்ப கால்கள் கறுத்துத் தூளா உதிர்ந்துச்சு, புது சாக்கெட் போட்டேன். 30 பின் ராம் பட்டையோட காலை வெள்ளை ரப்பர் வச்சுத் தேய்ச்சேன். ரப்பர் தூள் ஸ்லாட்ல விழாம துடைச்சுட்டுத்தான் மாட்டணும். நாலு நாலாத்தான் மாட்ட முடியும். ஒரு பட்டை 8 பிட், 386 டிஎக்ஸ் ஒரே மூச்சுல 32 பிட் கேக்கும்.

இப்ப ஒரே ஒரு பீப். மெமரி எண்ணி முடிச்சிட்டுது. தேதி 1980 ஜனவரி 1ன்னு காட்டுது, டாஸோட நாள்கணக்கு அங்கதான் ஆரம்பம். ஹார்ட் டிஸ்க் இன்னும் மாட்டலை.

ஏற்காடு_மிளகு:

அண்ணா, கை எடுத்துக் கும்பிடறேன். டிஸ்க்கை யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டி லேப்டாப்ல பார்த்துடலாமான்னு என் தங்கச்சி கேக்கறா. 40 பின் கேபிள்தான் இருக்கு.

பழைய_மதர்போர்டு:

கேபிள் பொருந்தும், பேச்சு பொருந்தாது. இந்த வயசு டிஸ்க்குகள் பலது சிலிண்டர், ஹெட், செக்டர்னு மூணு எண் சொல்லிக் கேட்டாத்தான் பதில் தரும். யூஎஸ்பி கன்வெர்ட்டர் வரிசை எண் ஒண்ணை மட்டும் சொல்லும். புரியாத டிஸ்க்கை அது "இல்லை"ன்னு காட்டும், நீங்க டிஸ்க் செத்துப் போச்சுன்னு நினைச்சுக்குவீங்க.

பெட்டியிலயே மாட்டலாம். பேட்டரி போனதால டிஸ்க்கோட மூணு எண்ணும் மறந்து போச்சு. டிஸ்க் லேபிள்ல அச்சடிச்சிருக்கும், அதை செட்டப்ல 47ஆவது வகையில கையால அடிக்கணும். தப்பா அடிச்சா டிஸ்க் பூட் ஆகாது, ஆனா எதையும் எழுதாத வரைக்கும் தரவு போகாது. "ஃபார்மட் பண்ணவா"ன்னு எந்தத் திரை கேட்டாலும் எதையும் அழுத்தாதீங்க.

வெளிய எடுக்க சீரியல் கேபிள் போதும், டாஸ் 6ல இன்டர்லிங்க்னு ஒரு புரோகிராம் கூடவே வரும். அலமாரியில கிடைச்ச பழைய ஃப்ளாப்பிகளை மட்டும் சொருகிடாதீங்க. மலையில கிடந்த ஃப்ளாப்பியில பூஞ்சை பிடிச்சிருக்கும், ஷட்டரை விலக்கிப் பார்த்தா வெள்ளைப் புள்ளி தெரியும். ஒண்ணைச் சொருகினா ஹெட்ல ஒட்டும், அடுத்துச் சொருகற நல்லதையும் கீறும்.

எழுத்துரு_மையம்:

மானிட்டர் அம்பர் கலரா? அப்ப திரைக்கான கார்டு அனேகமா ஹெர்குலிஸ், 720க்கு 348 புள்ளி. அதைச் செஞ்சவர் தாய்லாந்துக்காரர், வான் சுவன்னுகுல். தன் ஆய்வேட்டைத் தாய் எழுத்துல அடிக்கணும்னு 1982ல அந்த கார்டை உருவாக்கினார். ஐபிஎம்மோட எழுத்து கார்டுல 256 வடிவம்தான், அதுவும் ரோம்ல பொறிச்சது, மாத்த முடியாது. புள்ளி புள்ளியா வரையற கார்டு வந்தாத்தான் நம்மளை மாதிரி லிபிக்காரங்களுக்கு வழி. தமிழுக்கு டாஸ் திரையில வழி விட்டது, ஐஐடி கான்பூர்ல தொடங்கி, அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் வளர்த்த ஜிஸ்ட் கார்டு. உங்க பெட்டியில அப்படி ஒண்ணு இருந்தா சொல்லுங்க, பேர்கள் தமிழ்லயே இருக்க வாய்ப்பு உண்டு.

ஏற்காடு_மிளகு:

ஜிஸ்ட் கார்டு இல்லைங்க, பேரெல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்துல இருக்கு. ஆமா, டிஸ்க் ஓடிடுச்சு! அண்ணா கடையில வச்சு நானே கண்ணால பார்த்தேன். செக்ரோல் ஃபோல்டர் அப்படியே இருக்கு, டிபிஎஃப்னு முடியற ஃபைல் நிறைய. காப்பி எடுத்து லேப்டாப்ல லிப்ரே ஆபீஸ்ல திறந்தேன், வரிசை வரிசையா வந்துடுச்சு. ஆனா ஒரு சிக்கல். இப்ப கேட்டு வர்றவங்க பேரு பலது அதுல இல்லை. வேலையில தொடர்ந்து இருந்தவங்க பேரு இருக்கு, நின்னவங்க பேரு இல்லை. அப்ப ஆபீஸ்ல கணக்கு எழுதின ரைட்டர் மாமாகிட்ட கேட்டேன், "நின்னவங்களை டெலீட் பண்ணிடுவோம்"னு சொல்றார். அப்ப போனது போனதுதானா?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:

போயிருக்காது தம்பி, பதறாதீங்க. டிபிஎஃப் ஃபைலைக் கையாளற டிபேஸ், ஃபாக்ஸ்பேஸ் புரோகிராம்கள்ல நான் வருசக்கணக்கா வேலை பார்த்திருக்கேன். அந்த ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கும் முதல் பைட் ஒண்ணு தனியா உண்டு. சாதாரண வரிக்கு அது வெறும் இடம். டெலீட் பண்ணா அந்த இடத்துல ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேரு, நாள், கூலி எல்லாம் அப்படியே அடுத்த பைட்ல இருந்து இருக்கும். பேக்னு ஒரு கட்டளை குடுத்தாத்தான் நட்சத்திரம் போட்ட வரிகளை நிஜமா தூக்கிட்டு ஃபைலைச் சுருக்கும். இடம் பத்தலேன்னாத்தான் பேக் குடுப்போம், பல ஆபீஸ்ல யாரும் அதைச் செய்யறதே இல்லை. நீங்க திறந்த புரோகிராம் நட்சத்திர வரியை மறைச்சிருக்கும்.

முதல்ல காப்பிக்கும் ஒரு காப்பி எடுங்க, மூலத்தைப் பூட்டி வைங்க. காப்பியைப் பழைய பெட்டியில டிபேஸ்லயே திறந்து, "செட் டெலீட்டட் ஆஃப்"னு அடிச்சிட்டு லிஸ்ட் போடுங்க. நின்னவங்க வரி நட்சத்திரத்தோட வரும். "ரீகால் ஆல்"னு குடுத்தா நட்சத்திரம் எல்லாம் போயிடும்; ஆனா எவர் நின்னவர், எவர் தொடர்ந்தவர்னு அப்புறம் தெரியாம போயிடும், அதனால நட்சத்திரத்தோடவே ஒரு பிரின்ட் எடுத்துட்டு ரீகால் பண்ணுங்க. பேக் மட்டும் கைதவறியும் அடிச்சிடாதீங்க.

நின்ன தேதிக்குன்னு ஃபைல்ல தனிப் பத்தி இருந்தா ரொம்ப நல்லது. இல்லேன்னா மாசாந்திர ஃபைல்களை வரிசையா வச்சு, எந்த மாசம் வரைக்கும் கூலி விழுந்திருக்குன்னு பார்த்தா கடைசி மாசம் கிடைச்சிடும். பேரு, அப்பா பேரு எதையும் இங்க பொதுவுல போட்டுடாதீங்க. லிஸ்ட் வந்ததும் தனிச் செய்தி அனுப்புங்க, சர்வீஸ் கணக்குப் போட நான் உக்காந்து உதவறேன்.